சுற்றுநிருபமும் தொழிற்கூடமும்

திருக்கோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில், மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகலாறு பாயும் நிலத்தில் அமைந்த ஊர் வெருகல். சித்திர வேலாயுத சுவாமி எழுந்தருளிய பதி என்பதனால் அதனை அறியாதார் நம் பகுதியில் இலர். திருவிழாக் காலத்தில் வடக்கே திருக்கோணமலையிலிருந்தும் தெற்கே மட்டக்களப்பிலிருந்தும் அடியார் வந்து கூடுவர். திருவிழா முடிந்த பின்னர் ஊர் தன் இயல்பான தொழில்களுக்குத் திரும்பும். நெல் விதைத்தல், மாடு வளர்த்தல், ஆற்றிலும் கடலிலும் மீன் பிடித்தல் ஆகியனவே அத்தொழில்கள். இவ்வூர்ப் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகள் மூதூர்க் கல்வி வலயத்தைச் சேர்ந்தவை.

இத்தகைய ஊரொன்றிலே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஒரு மாணவனை எண்ணிப் பார்ப்போம். தமிழிலும் சமயத்திலும் அவன் நன்றாகத் தேறினான், கணிதத்திற் றவறினான். படகு இயந்திரம் பழுதுற்றால் அதனைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன் அவன். அவனுக்கு இனிக் கல்வியில் இடம் உண்டா? உண்டு என்கின்றது அரசாங்கத்தின் சுற்றுநிருபம். அவ்விடம் எங்கே உள்ளது, யார் அதனைத் திறப்பார், அதன் வழியே சென்றால் எங்கே சேரலாம் என்று அவன் தந்தை கேட்பின், விடை கூற வல்லார் ஊரில் எத்தனை பேர்? சுற்றுநிருபத்திற்கும் தொழிற்கூடத்திற்கும் இடையே உள்ள இந்தத் தூரமே இக்கட்டுரையின் பொருள். நிருவாகம் என்ற சொல்லைக் கண்டதும் வாசகர் சிலர் பக்கத்தைப் புரட்ட விரும்பக்கூடும். ஒரு பிள்ளையின் எதிர்காலம் பல வேளைகளில் இந்த நிருவாகத்திலேயே தங்கியிருத்தலின், சற்றுப் பொறுத்து உடன்வருமாறு அவர்களை வேண்டுகின்றேன்.

முன்னை முயற்சிகள்

தொழிற்கல்வி இலங்கைக்குப் புதியதன்று. 1893ஆம் ஆண்டிலேயே கொழும்பு மருதானையில் அரசினர் தொழினுட்பப் பாடசாலை தொடங்கப்பட்டது. அது பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. நம் இந்துக் கல்லூரிகளின் வரலாற்றோடு கலந்து நிற்கும் விபுலாநந்த அடிகள், துறவு பூணுமுன் மயில்வாகனனாராய் இருந்த காலத்தில், 1915இல் அக்கல்லூரியிற் சேர்ந்து 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றவர். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் அவர் தேறினார். ஏட்டுக் கல்வியும் தொழினுட்பக் கல்வியும் ஒருவரிடத்தே பொருந்தா என்பார்க்கு அடிகளாரின் வாழ்க்கையே தக்க மறுப்பாகும்.

அத்தொழினுட்பக் கல்லூரியில் நடைபெற்ற பொறியியல் வகுப்புகள் 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமாயின. 1960இல் கட்டுபெத்தையில் எழுந்த செயன்முறைத் தொழினுட்ப நிறுவகம் 1966இல் தொழினுட்பவியற் கல்லூரியாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. தொழினுட்பக் கல்வியின் மேற்றளம் இவ்வாறு உயர்ந்து பல்கலைக்கழகமாயிற்று. தச்சும் கொல்லும் மேசன் வேலையும் பயிலும் கீழ்த்தளமோ இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டிற்கும் இடையே ஏணி இல்லை. பின்வந்த திட்டங்கள் பலவற்றின் குறையை விளங்கிக்கொள்ள இந்த ஏணியின்மையை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

கிராமப் பாடசாலைகளைத் தொழிலோடு இணைக்கும் முயற்சி 1930களிற் கண்டி மாவட்டத்து ஹந்தெஸ்ஸவிலே தொடங்கியது. கிராமியக் கல்வித் திட்டம் எனப்பட்ட அது வேளாண்மை, கைப்பணி, உடல்நலம் ஆகியவற்றைப் பாடத்தின் நடுவே வைத்தது. நோக்கம் நல்லதே. ஆயினும், நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் அரசாங்க உத்தியோகமும், நம் பிள்ளைக்கு மண்வெட்டியுமா என்ற ஐயம் கிராமத்துப் பெற்றோர் மனத்தில் எழுந்தது. அத்திட்டம் நிலைபெறவில்லை.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இலவசக் கல்வி என்ற பெருங்கொடை அவ்வறிக்கையின் வழி வந்ததே. அதே அறிக்கை, ஆரம்பக் கல்வியின் பின் பிள்ளைகளைத் திறமைக்கேற்ப வெவ்வேறு வகைப் பாடசாலைகளுக்கு அனுப்பவும் கருதியது. அவற்றுள் ஒன்று செயன்முறைப் பாடசாலை. இலவசக் கல்வி 1945 முதல் நடைமுறைக்கு வந்து வேரூன்றியது. செயன்முறைப் பாடசாலையோ கருதியவாறு கட்டியெழுப்பப்படவில்லை. எல்லார்க்கும் ஒரே கதவு திறந்தபின், தம் பிள்ளை மட்டும் வேறு கதவால் நுழைவதைப் பெற்றோர் விரும்பாமை இயல்பே.

மூன்றாவது பெருமுயற்சி 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம். முன்னைய ஆண்டில் நிகழ்ந்த இளைஞர் கிளர்ச்சி, கற்றும் வேலையற்றோரின் துயரை நாட்டிற்கு உணர்த்தியிருந்தது. அதனால், ஒவ்வொரு மாணவனும் தொழின் முன்னிலைப் பாடங்களைக் கற்றல் வேண்டும் என விதிக்கப்பட்டது. அயலில் வழங்கும் தொழில்களையே பாடமாக்குதல் அதன் கருத்து. கடலோரத்தில் மீன்பிடி, களிமண் கிடைக்குமிடத்தில் மட்பாண்டம் என இவ்வாறு அமையும். க.பொ.த. சாதாரண தரத்திற்குப் பதிலாகத் தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ் என்ற பரீட்சையும் ஏற்படுத்தப்பட்டு, 1975இல் முதன்முறையாக நடைபெற்றது. 1977இல் ஆட்சி மாறியது, திட்டமும் மாறியது, பழைய பரீட்சைப் பெயர் மீண்டும் வந்தது. தொழின் முன்னிலைப் பாடம் கற்ற மாணவன் அதனை எங்கே தொடர்வது என்ற கேள்விக்கு விடை காணுமுன்னரே அத்திட்டம் முடிவுற்றது.

அயல்நாட்டுப் படிப்பினை

நம்மவர் ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்டச் சென்னை மாநிலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்குக் குறிப்பிடலாம். 1953இல் முதலமைச்சர் இராஜாஜி கிராமத்து ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஒரு மாற்றுத் திட்டம் கொணர்ந்தார். பிள்ளைகள் நாளில் ஒரு பகுதி நேரம் பள்ளியிலும் எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலிலும் பயிலுதல் வேண்டும் என்பது அது. எதிர்த்தோர் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டனர். வண்ணான் மகன் வண்ணானாகவே இருக்க வேண்டுமா என்ற ஒரு கேள்வி மாநிலம் முழுவதும் எதிரொலித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சராகிய பின் அது கைவிடப்பட்டது. தொழில் இழிவானது என்று மக்கள் கருதியமையால் அத்திட்டம் வீழ்ந்தது என்று கொள்ளுதல் தவறு. தொழிலைப் பிறப்போடு பிணைத்து, வேறு வழிகளை அடைத்தது என்று அவர்கள் கருதியமையாலேயே வீழ்ந்தது.

அமெரிக்காவில் 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாடசாலைத் தொழிற்கல்விக்கு மத்திய அரசின் பணத்தை முதன்முதலாகப் பெருமளவில் வழங்கியது. ஆயின் அப்பணத்தை ஆள்வதற்குத் தனிச் சபைகள் வேண்டும் என்றும் விதித்தது. பொதுக் கல்வி ஒரு கூரையின் கீழும் தொழிற்கல்வி வேறொரு கூரையின் கீழும் நெடுங்காலம் வளர்ந்தமைக்கு அவ்விதியும் ஒரு காரணம் என்பர் கல்வி வரலாற்றாசிரியர். ஜேர்மனியிலோ பயிலுநன் வாரத்திற் சில நாள் தொழிற்சாலையிலும் எஞ்சிய நாள் பாடசாலையிலும் கற்கும் முறை பழைமையானது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழுங்குபடுத்தியது. அங்கே தொழிற்சாலையின் கடமை இன்னது, பாடசாலையின் கடமை இன்னது, பரீட்சையை நடத்துவோர் இன்னார் என வரையறை உண்டு. இவற்றால் நாம் அறிவது யாதெனில், தொழிற்கல்வியின் மதிப்பு பாடத்திட்டத்தால் மட்டும் அமைவதில்லை. கடமைகள் எவ்வாறு பகிரப்பட்டுள்ளன என்பதாலும் அமையும் என்பதாம்.

இன்றைய அமைப்பு

இனி, நம் நாட்டில் இன்று நிலவும் அமைப்பைக் காண்போம். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம் நிலை, தொழிற் கல்வி ஆணைக்குழுவை ஏற்படுத்தியது. தொழிற் பயிற்சி நிறுவனங்களைப் பதிவு செய்தலும் அவற்றின் பாடநெறிகளின் தரத்தை உறுதிப்படுத்தலும் அதன் கடமைகளாம். 1995ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தாற் றொழிற் பயிற்சி அதிகார சபை தோன்றியது. இவற்றோடு தொழினுட்பக் கல்வி, பயிற்சித் திணைக்களமும், பயிலுநர்ப் பயிற்சிக்குரிய அதிகார சபையும் உள. திருக்கோணமலைத் தொழினுட்பக் கல்லூரி அத்திணைக்களத்தைச் சேர்ந்தது.

இந்நிறுவனங்கள் வழங்கிய சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருந்த குறையைப் போக்க, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே தேசிய தொழிற் றகைமை முறை ஏற்படுத்தப்பட்டது. என்.வி.கியூ. என்ற எழுத்துகளால் மக்கள் வழங்குவது இதுவே. இதில் ஏழு படிகள் உள. முதலாம் படி தொடக்கத் திறனைக் குறிப்பது. இரண்டு முதல் நான்கு வரையுள்ள படிகள் கைவினைஞனின் வளரும் திறனைக் குறிப்பன. நான்காம் படி எய்தியவன் பிறர் மேற்பார்வையின்றித் தொழில் செய்ய வல்லவன். ஐந்தும் ஆறும் டிப்ளோமாப் படிகள். ஏழாம் படி பட்டத்திற்கு ஒப்பானது. 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தொழினுட்பவியற் பல்கலைக்கழகம் அவ்வேழாம் படிக்கு வாயிலாகும். முன்னர் இல்லாதிருந்த ஏணி, எழுத்தளவிலேனும், இப்போது நிறுத்தப்பட்டுவிட்டது.

இம்முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. வகுப்பிற் பயிலாது, வேலை செய்தே கற்றவரும் தம் திறனை மதிப்பீட்டாளர் முன் காட்டித் தகைமை பெறலாம். முன்னர்க் கற்றதை ஏற்றல் என்பது இதன் பெயர். இருபது ஆண்டு மேசன் வேலை செய்த தந்தையும், புதிதாகப் பயின்ற மகனும் ஒரே சான்றிதழைப் பெறக்கூடிய நிலை இதனால் உண்டாகின்றது.

பாடசாலைக்குள்ளே நிகழ்ந்த மாற்றங்கள் இரண்டு. 2013இல் உயர் தரத்திலே தொழினுட்பவியற் றுறை தொடங்கப்பட்டது. பொறியியற் றொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், அவற்றோடு தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் என்பன அதன் பாடங்கள். அத்துறைக்குரிய முதற் பரீட்சை 2015இல் நடந்தது. அதன்பின் பல்கலைக்கழகங்களிலே தொழினுட்ப பீடங்கள் எழுந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம் கிளிநொச்சியில் உளது. இத்துறை பரீட்சைகளிற் றேறிப் பல்கலைக்கழகம் நோக்கிச் செல்வார்க்கு உரியது.

இரண்டாவது மாற்றமே நாம் முதலிற் கண்ட மாணவனுக்கு உரியது. 13 வருட உத்தரவாதக் கல்வி என்ற நிகழ்ச்சித் திட்டத்தின் கீழ், 2017 ஒக்டோபரிலே 42 பாடசாலைகளில் உயர் தரத் தொழிற்பாடத் துறை பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. பின்னர் வேறு பாடசாலைகளுக்கும் விரிந்தது. சாதாரண தரப் பரீட்சையிற் றேறினும் தவறினும் மாணவன் 12ஆந் தரத்திற்குச் செல்லலாம் என்பதே இதன் உயிர்நாடி. 12ஆந் தரத்திலே மொழி, தகவற் றொழினுட்பம், உடல்நலம், தொழில் வழிகாட்டல் முதலான பொதுப் பாடங்களோடு தொழிற்பாடங்களையும் அவன் கற்பான். 13ஆந் தரத்திலே, தான் தெரிந்துகொண்ட துறையில் ஒரு தொழிற் பயிற்சி நிறுவனத்திற் பயின்று, தேசிய தொழிற் றகைமையின் நான்காம் படியை அடைதல் வேண்டும். இவ்வாறு தெரிந்துகொள்ளத்தக்க தொழிற்பாடங்கள் 26. நீர்வளம், கால்நடை உற்பத்தி, உணவு பதனிடல், கட்டட நிருமாணம், மோட்டார் வாகனம், மின்னும் இலத்திரனியலும், உலோக வேலை, ஆடை, சிறுவர் பராமரிப்பு, சுற்றுலா, மென்பொருள் ஆகியன அவற்றுட் சில.

ஆணை செல்லும் வழி

இத்திட்டம் தாளில் அழகாகவே உள்ளது. அஃது ஊரை அடையும் வழியை இனி ஆராய்வோம்.

கல்வி அமைச்சு பத்தரமுல்லை இசுறுபாயவில் அமைந்துள்ளது. அங்கிருந்து வெளிவரும் சுற்றுநிருபம், மாகாணப் பாடசாலைகளைப் பொறுத்தவரை, மாகாணக் கல்வி நிருவாகத்தின் வழியே செல்லுதல் வேண்டும். 1988இல் மாகாண சபைகள் அமைந்ததன் பின்னர் ஏற்பட்ட ஒழுங்கு இது. கிழக்கு மாகாண நிருவாகம் திருக்கோணமலையிலிருந்து நடைபெறுகின்றது. அதனைக் கடந்து மூதூர் வலயக் கல்விப் பணிமனை, அதன்பின் கோட்டக் கல்விப் பணிமனை, இறுதியில் அதிபரின் மேசை என்று ஆணை ஒவ்வொரு படியாக இறங்கும்.

இஃது ஒரு வாய்க்கால். 13ஆந் தரத்து மாணவனுக்குப் பயிற்சியளிக்க வேண்டிய நிறுவனங்கள் இவ்வாய்க்காலில் இல்லை. அவை தொழிற் கல்விக்குப் பொறுப்பான வேறு நிருவாகக் கிளையைச் சேர்ந்தவை. அவற்றின் தரத்தை ஆராயும் ஆணைக்குழு கொழும்பு நாரகேன்பிட்டியில் உள்ளது. ஆகவே இரண்டு வாய்க்கால்கள் தனித்தனியே ஓடி, ஒரு மாணவனின் 12ஆந் தர முடிவிலே சந்தித்தல் வேண்டும். வயலுக்கு நீர் பாய்ச்சுவோர் இதன் இடரை எளிதில் உணர்வர். ஒரு வாய்க்காலில் நீர் தையிலும் மற்றதில் வைகாசியிலும் வருமாயின், பயிர் இரண்டுக்கும் இடையே வாடிவிடும்.

இச்சந்திப்பிலே எழக்கூடிய வினாக்களைச் சற்று எண்ணிப் பார்க்க. பாடசாலை ஆண்டின் தவணையும் பயிற்சி நிறுவனத்தின் பாடநெறி தொடங்கும் நாளும் ஒத்து வருமா? பயிற்சிக் காலத்தில் மாணவனின் வரவை எவர் பதிவர்? அவன் எந்த நிறுவனத்தின் பொறுப்பிலே பயணம் செய்கின்றான்? வெருகலிலிருந்து மூதூருக்கோ திருக்கோணமலைக்கோ நாள்தோறும் செல்ல அவனுக்கு ஆகும் செலவை யார் ஏற்பர்? பயிற்சிக் கூடத்து ஆசிரியர் தமிழிற் கற்பிப்பாரா? மதிப்பீட்டாளர் தமிழில் வினவுவாரா? சட்டத்திலோ திட்ட அறிக்கையிலோ இவை பெரிய வினாக்களாகத் தோன்றா. ஆற்றங்கரையிலிருந்து புறப்பட வேண்டிய பிள்ளைக்கு இவையே பெரிய வினாக்கள்.

எனவே, தொழிற்பாடத் துறையைத் தொடங்கும் பாடசாலை அதிபர் ஒருவர் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டியவற்றை இங்குத் தொகுத்துக் கூறுதல் பயன்படும். முதலாவது, மாணவரை அனுப்பக் கருதும் நிறுவனம் மூன்றாம் நிலை, தொழிற் கல்வி ஆணைக்குழுவிற் பதிவு செய்யப்பட்டதா என அறிதல். இரண்டாவது, நிறுவனம் பதிவுபெற்றிருத்தல் மட்டும் போதாது. குறித்த பாடநெறியும் தரச்சான்று பெற்றதா, எப்படி வரைக்கும் பெற்றது என ஆராய்தல். பதிவு வேறு, தரச்சான்று வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர், பிள்ளை ஓராண்டு பயின்ற பின்னரே தகைமைச் சான்றிதழ் கிடையாதென அறிந்து வருந்த நேரிடும். மூன்றாவது, மொழி. நான்காவது, ஆசிரியர். உலோக வேலை தெரியாத ஆசிரியரிடம் உலோக வேலை வகுப்பை ஒப்படைப்பதிலும் அவ்வகுப்பைத் தொடங்காமை நன்று. ஐந்தாவது, போக்குவரத்தும், சிறப்பாகப் பெண்பிள்ளைகளின் பாதுகாப்பும். ஆறாவது, மாணவர் சேருமுன்னரே பெற்றோரைக் கூட்டி ஏழு படிகளையும் விளக்குதல். இறுதியிற் கூறினும் இதுவே முதன்மையானது எனலாம். ஹந்தெஸ்ஸவிலிருந்து இன்று வரை, பெற்றோரின் ஐயத்தைத் தீர்க்காத திட்டம் எதுவும் நிலைத்ததில்லை.

வெருகலுக்கு ஏற்ற பாடம்

26 பாடங்களையும் எந்தப் பாடசாலையும் நடத்த இயலாது. ஆகவே தெரிவு வேண்டும். எந்தப் பாடத்திற்கு ஆசிரியர் கிடைப்பார் என்று நோக்கித் தெரிவு செய்தல் எளிய வழி. எந்தப் பாடத்திற்கு அயலில் வேலையும் பொருளும் உண்டு என்று நோக்குதல் நல்ல வழி.

வெருகலிலே ஆறும் கழிமுகமும் கடலும் அருகருகே உள்ளன. மீன் பிடித்தல் அங்குள்ளோர் அறிந்ததே. அதனைக் கற்பிக்கப் பாடசாலை வேண்டியதில்லை. பிடித்த மீனைப் பழுதுறாமற் காத்தல், இறால், நண்டு முதலியவற்றை வளர்த்தல், நீரின் உவர்ப்பை அளத்தல், பனிக்கட்டியின் அளவைக் கணித்தல், படகின் இயந்திரத்தைப் பழுதுபார்த்தல் ஆகியனவே பாடசாலை தரவல்ல அறிவு. அவ்வாறே மாடு வளர்ப்போர் பலர் இருப்பினும், பாலைத் தயிராகவும் நெய்யாகவும் தூய்மையாகப் பதனிட்டு, பொதிசெய்து, தூரத்துச் சந்தைக்கு அனுப்பும் திறன் புதிதாகக் கற்க வேண்டியதாகும். உணவு பதனிடல், கால்நடை உற்பத்தி என்னும் பாடங்கள் இதற்கு உதவும். திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்துச் சீனக்குடாவில் மா ஆலையும் சீமெந்து ஆலையும் இயங்குகின்றன. மின்னும் உலோக வேலையும் கற்றார்க்கு அத்தகைய இடங்களிலே தேவை உண்டு. கடலோரமெங்கும் விருந்தினர் விடுதிகள் பெருகி வருதலின் சுற்றுலாப் பாடமும் புறக்கணிக்கத்தக்கதன்று.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். மீனவன் மகனுக்கு மீன் பற்றியும், மாடு வளர்ப்பான் மகனுக்குப் பால் பற்றியும் கற்பிக்கச் சொல்லுதல், 1953இற் சென்னை மக்கள் வெறுத்தொதுக்கிய அதே கருத்தன்றோ? தடை நியாயமானதே, ஆராய்ந்தே விடை கூற வேண்டும். வேறுபாடு மூன்று உளது. அத்திட்டம் ஆரம்பப் பாடசாலைச் சிறு பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்தது. இது பதினோராண்டுப் பொதுக் கல்வி முடிந்தபின் மேலும் ஈராண்டைக் கூட்டுகின்றது. அங்கே தொழிலைக் குடும்பம் தீர்மானித்தது. இங்கே மாணவன் தெரிந்துகொள்கின்றான், மீனவன் மகள் மென்பொருள் கற்கவும் தடையில்லை. அங்கே கற்ற தொழிலுக்கு மேற்படி இல்லை. இங்கே நான்காம் படிக்கு மேல் ஐந்தும் ஆறும் ஏழும் உள. எனினும், இம்மூன்று வேறுபாடுகளும் நிருவாகத்தாற் காக்கப்பட வேண்டியவை. பாடசாலையில் ஒரே ஒரு தொழிற்பாடமே நடைபெறுமாயின் தெரிவு என்பது பெயரளவினதாகும். நான்காம் படி பெற்றவனுக்கு ஐந்தாம் படிப் பாடநெறி எங்கே உளது என்று எவரும் கூறாராயின் ஏணி அங்கேயே முடிந்துவிடும். குறைந்த புள்ளி பெற்றாரையெல்லாம் ஆராயாது தொழிற்பாட வகுப்பில் ஒதுக்கி வைக்கும் வழக்கம் தோன்றுமாயின், சட்டத்தில் இல்லாத குலக்கல்வி வகுப்பறையில் வந்துவிடும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். தொழிற்பாடம் என்றதும் அவர்களுக்குத் தையலும் சிறுவர் பராமரிப்பும் என ஒதுக்கிவிடுதல் நம்மிடையே எளிதாக நிகழும். அவை நல்ல தொழில்களே. ஆயின், நீர்வளம், உணவு பதனிடல், மின்னியல், மென்பொருள் ஆகிய வகுப்புகளின் கதவுகளும் அவர்களுக்குத் திறந்திருத்தல் வேண்டும். தொலைதூரப் பயணம் தடையாகின் அதனை நீக்கும் வழியைத் தேடவேண்டுமேயன்றி, பாடத்தைக் குறைத்தல் கூடாது.

வெருகற் பகுதிக்குத் தனியான காரணம் ஒன்றும் உண்டு. 2004 திசெம்பரிற் கடற்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கியது. 2006இல் மாவிலாற்றை அடுத்து மூண்ட போரினால் அப்பகுதி மக்கள் ஊரைவிட்டு ஓடி, பின்னரே மீள வந்து குடியேறினர். அக்காலத்திற் பாடசாலைப் பருவத்தில் இருந்தோர் இன்று தாய் தந்தையர். அவர்களுட் கல்வி இடைமுறிந்தோர்க்கு, முன்னர்க் கற்றதை ஏற்கும் முறை இரண்டாம் வாய்ப்பாகும். மகன் பாடசாலையிற் பெறும் தகைமையைத் தந்தை தன் அனுபவத்தாற் பெறுவாராயின், அத்தொழிலின் மதிப்பு அவ்வீட்டில் உயரும்.

நாம் செய்யக்கூடியன

2025ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தங்களும் தொழிற் கல்வியைப் பொதுக் கல்வியோடு நெருக்கமாகப் பிணைக்க விழைகின்றன. ஆகவே புதிய சுற்றுநிருபங்கள் இன்னும் வரும். வரும் ஆணைகள் யாவும் நல்லனவாயினும், அவற்றை விளக்கி வழிகாட்டுவார் இலராயின் முன்னைத் திட்டங்களின் கதியே அவற்றிற்கும் நேரும்.

ஆசிரியர் செய்யக்கூடியது எளிது. சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும் வாரத்திலே, தேறியோரை வாழ்த்துவதோடு அமையாது, தவறியோரையும் பெயர் சொல்லி அழைத்து, 12ஆந் தரத்துக் கதவு அவர்களுக்கும் உரியது என அறிவித்தல் வேண்டும். அவ்வாரத்தில் அழைக்கப்படாத மாணவன் அடுத்த வாரம் பாடசாலைக்கு வாரான்.

மாணவர்க்குக் கூறுவது இது: தொழிற்பாடம் கற்போனைக் குறைவாக நோக்காதீர். பல்கலைக்கழகம் புகுந்து பொறியியல் கற்பவனும், நான்காம் படியிலிருந்து ஏறி வருபவனும் ஒரே பாலத்தைக் கட்ட வேண்டியவர்கள். ஒருவன் வரைந்ததை மற்றவன் நிறுத்தாவிடின் பாலம் தாளிலேயே கிடக்கும்.

பழைய மாணவர் நாட்டின் பல பகுதிகளிலும் அயல்நாடுகளிலும் தொழிற்சாலைகளிலும் பணிமனைகளிலும் உயர்ந்த நிலைகளில் உள்ளனர். கல்லூரிக்கு மண்டபமும் மதிலும் கட்டித் தந்த அவர்கள், தொழிற் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் சிலர்க்குத் தம் பணியிடத்தில் இடம் தருவாராயின், அக்கொடை அவற்றிலும் பெரிது. வெருகல் போன்ற தூரத்து ஊரிலிருந்து நகரத்துப் பயிற்சி நிறுவனத்திற்கு வரும் ஒரு பிள்ளைக்கு ஓராண்டு தங்க இடமும் பேருந்துச் செலவும் உதவுதல் சில குடும்பங்கள் கூடிச் செய்யத்தக்க காரியமே.

படகின் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த அம்மாணவன் தன் பெறுபேற்றுத் தாளோடு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கின்றான். அவனுக்குரிய சுற்றுநிருபம் எழுதப்பட்டுவிட்டது. அதனை அவன் தந்தைக்குப் படித்துக்காட்ட யாரேனும் ஒருவர் அத்திண்ணைக்குச் செல்ல வேண்டும்.